ரேடியேட்டர் ஃபேனை ‘டைரக்ட்’ கொடுக்காதீர்கள்: தெர்மோ ஸ்விட்ச், ரிலேயோடு ஒயரிங் செய்ய முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி வரை நாலுவழிச் சாலையில் போகும்போது டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. ஊருக்குள் திரும்பி வண்ணார்பேட்டை ரவுண்டானா நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் மேலே ஏறுகிறது. மறுபடி ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. வண்டி இப்படி நடந்துகொண்டால் தண்ணீர் பம்ப்பும் ரேடியேட்டரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, காற்றுதான் இல்லை. ஓட்டத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நின்றதும் அந்த வேலை ஃபேனுக்கு வருகிறது. ஃபேன் சுற்றவில்லை, அல்லது சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை.

நிற்கும்போது சரியாக இருந்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் சூடேறினால் அது வேறு நோய். ரேடியேட்டருக்குள் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), கூலண்ட் குறைவு, தேய்ந்த பம்ப் என்று அங்கே தேட வேண்டும். அதற்கு இந்த வேலை மருந்தாகாது.

ஃபேன் சுற்றாத வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் வார்த்தை, “ஸ்விட்ச் போயிருக்கு அண்ணாச்சி, டைரக்டா குடுத்துரட்டுமா?” சாவியைத் திருப்பியதும் ஃபேன் ஓடும்படி ஓர் ஒயரை இழுத்துவிடுவதுதான் டைரக்ட். வழியில் நின்றுபோன வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்க அது சரியான உபாயம். நிரந்தர ஏற்பாடாக அது வண்டியைக் கெடுக்கிறது. மூன்று நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் ஓய வேண்டிய மோட்டார் நாள் முழுவதும் ஓடுவதால் கார்பன் பிரஷும் புஷ்ஷும் சீக்கிரம் தேய்கின்றன. 8 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும் சுமை, அதற்காகச் செய்யப்படாத இக்னிஷன் சாவியின் உள்முனைகள் வழியாகப் போகிறது. அவை கருகினால் ஒருநாள் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பெரும்பாலும் ஃபியூஸும் போட மாட்டார்கள். ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீதான். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. எப்போதும் ஓடும் ஃபேன் எந்த நாளில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

சரியான முறைக்குத் தேவை ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்), ஒரு ஃபியூஸ், சரியான எண் கொண்ட ஒரு தெர்மோ ஸ்விட்ச் (குறிப்பிட்ட சூட்டில் தானாக ஆன் ஆவது), சுத்தமான எர்த் (பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை). மூன்று நான்கு மணி நேர வேலை.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஜென் போல என்ஜினைக் குறுக்காக வைத்த சிறிய கார்கள் எல்லாமே மின்சார ஃபேன் கொண்டவை. என்ஜின் தண்டு பக்கவாட்டைப் பார்த்திருப்பதால் முன்னால் உள்ள ரேடியேட்டருக்கு பெல்ட் போட்டு ஃபேன் சுற்ற முடியாது. இந்தத் தலைமுறை வண்டிகளில் ஃபேனை இயக்குவது தெர்மோ ஸ்விட்ச்தான். பழைய ஒயரிங் பலவற்றில் ரிலே இல்லாமல் ஃபேனின் முழுக் கரண்டும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகவே போகும். அதனால்தான் அது அடிக்கடி கருகுகிறது.

இசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் ஃபேனை ஓட்டச் சொல்வது அதுதான். அங்கே கூலண்ட் சென்சாரின் ஒயரை வெட்டவோ அதில் எதையும் ஒட்டவோ கூடாது. என்ஜினுக்குள் போகும் பெட்ரோலின் அளவும் அந்தச் சென்சாரை நம்பித்தான் இருக்கிறது. ரிலே, ஃபியூஸ், மோட்டார், எர்த் வரை கீழே சொல்லும் சோதனைகள் அந்த வண்டிக்கும் பொருந்தும். அதைத் தாண்டினால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். அம்பாசடர் போல பெல்ட்டில் சுற்றும் ஃபேன் உள்ள வண்டிக்கு இந்தக் கட்டுரை இல்லை.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். என்ஜினில் சூடு சம்பந்தமாக இரண்டு மூன்று பித்தளைத் துண்டுகள் முறுக்கியிருக்கும். ஒன்று டேஷ்போர்டு முள்ளுக்கானது. சூட்டுக்குத் தக்கபடி அதன் ஓம்ஸ் மாறும். இன்னொன்று ஃபேனுக்கானது, அது வெறும் ஆன், ஆஃப். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ‘சென்டர்’ (sender) எனப்படும் முள்ளுக்கான துண்டை ஃபேன் ஸ்விட்ச் என்று நினைத்து மாற்றிவிட்டு ‘புதுசு போட்டும் ஃபேன் ஓடவில்லை’ என்று அலைவது அடிக்கடி நடக்கிறது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, என்ஜின் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள். ஃபேன் ஸ்விட்ச் என்றால் முழுத் திறப்பு, அதாவது இணைப்பே இல்லை என்று காட்டும். சில நூறு, சில ஆயிரம் ஓம்ஸ் என்று ஏதாவது எண் வந்தால் அது சென்டர்.

கை வைக்கும் முன் கண்டுபிடி

என்ஜின் ஆறியிருக்கட்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் அழுத்தத்தை அடக்கி வைக்கும் மூடி போட்ட ரேடியேட்டருக்குள் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் ஒரு பகுதி ஆவியாகி, கொதிக்கும் தண்ணீரோடு முகத்தில் அடிக்கும். சாவி ஆஃபில் இருந்தாலும் ஃபேன் தானாகச் சுற்றும் வண்டிகள் உண்டு என்பதால், இறக்கைக்குப் பக்கத்தில் கை வைக்கும் வேலை எதுவானாலும் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான்.

முதல் சோதனை: ஸ்விட்ச்சின் பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு பின் உள்ளதென்றால் பிளக்கின் இரண்டு முனைகளையும் சிறு ஒயரால் இணையுங்கள். ஒரே பின் உள்ளதென்றால் அந்த ஒயரை என்ஜினின் சுத்தமான இரும்பில் தொடவையுங்கள். சாவியை ஆன் செய்ததும் ஃபேன் ஓடினால் மோட்டார், ஒயர், ஃபியூஸ் எல்லாம் ஓரளவு சரி. குற்றம் ஸ்விட்ச் மேலோ, ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்குச் சூடான கூலண்ட் வந்து சேராததிலோ இருக்கிறது.

ஓடவில்லையென்றால் இரண்டாம் சோதனை. மோட்டார் பிளக்கைக் கழற்றி, 15 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுங்கள். ஓடினால் இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. ஓடாமல், மோட்டாரை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் மட்டும் ஓடினால் கார்பன் பிரஷ் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மோட்டாரை வைத்துக்கொண்டு ஒயரிங்கைப் புதிதாக்குவது வீண். முதலில் மோட்டாரைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் அதிகம் சொல்வது அதுதான். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை மோட்டாரின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் பாதையில் கோளாறு. அதேபோல பேட்டரி மைனஸுக்கும் மோட்டார் மைனஸுக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த்தில் கோளாறு. இரண்டு பக்கமும் சேர்த்து 2, 3 வோல்ட் தொலைந்துபோகும் பழைய வண்டிகள் ஏராளம். அங்கே ஃபேன் சுற்றும்; கண்ணுக்கு நன்றாகவே சுற்றுவதாகத் தெரியும். 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய மோட்டாருக்கு 10.5 கிடைத்தால் வேகமும் காற்றும் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். மார்கழியில் அது போதும். 40 டிகிரியைத் தொடும் அக்னி நட்சத்திர வெயிலில் போதாது. ‘ஃபேன் ஓடுது, ஆனாலும் ஹீட் ஆகுது’ என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்தத் தொலைந்த வோல்ட்தான் இருக்கிறது.

ஸ்விட்ச்சைத் தேர்ந்தெடுப்பது

ஸ்விட்ச்சின் பித்தளை உடம்பில் பொதுவாக இரண்டு எண்கள் அடித்திருக்கும். 92-87 என்றால் 92 டிகிரியில் ஆன், 87-ல் ஆஃப். உங்கள் வண்டிக்கு கம்பெனி கொடுத்த எண்ணையே வாங்குங்கள். ‘சீக்கிரம் ஓடட்டும்’ என்று குறைந்த எண்ணுக்குப் போவது எல்லாரும் செய்யும் தவறு. ஸ்விட்ச் தெர்மோஸ்டாட் கூட்டில், அதாவது என்ஜின் பக்கம் இருக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் 82-ல் திறப்பது என்றால் சூடேறிய என்ஜினின் கூலண்ட் 82-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அங்கே 80-ல் ஆஃப் ஆகும் ஸ்விட்ச்சைப் போட்டால் ஒருமுறை ஆன் ஆன ஃபேன் நிற்காது. காசு செலவழித்து மறுபடியும் டைரக்ட் வாங்கியதுபோல் ஆகிவிடும். ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம், குளிர்ந்த தண்ணீர் வெளியேறும் இடத்தில் இருக்கும் ஸ்விட்ச்சுக்குக் குறைந்த எண் இருப்பது இயல்பு. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

புதிதோ பழையதோ, மாட்டும் முன் வெந்நீரில் சோதியுங்கள். சமையலுக்கு இனி எடுக்காத பாத்திரம் ஒன்று, 110 டிகிரி வரை காட்டும் தெர்மோமீட்டர், மல்டிமீட்டர் போதும். ஸ்விட்ச்சின் திருகுமரைப் பகுதி மட்டும் தண்ணீரில் முங்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. அடித்தகடு தண்ணீரைவிடச் சூடாக இருந்து பொய்க் கணக்குக் காட்டும். மின் முனைகள் நனையக்கூடாது. மீட்டரைச் சத்தம் எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, இரண்டு முனைகளிலும் இணையுங்கள். ஒற்றைப் பின் என்றால் பின்னிலும் பித்தளை உடம்பிலும். அடுப்பை மெதுவாக எரியவிட்டு, சத்தம் வரும் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்து, சத்தம் நிற்கும் டிகிரியையும் குறியுங்கள். அடித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருந்தால் நல்லது. இதை மூன்று தடவை செய்யுங்கள். ஒருமுறை ஆன் ஆகி, ஆறிய பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் கடையில் புதிதாக வாங்கியதிலும் வந்துவிடும். 100-க்கு மேல் ஆன் ஆகும் ஸ்விட்ச்சைத் தண்ணீரில் சோதிக்க முடியாது.

ஒற்றைப் பின்னா, இரட்டைப் பின்னா என்பதிலும் கவனம் வேண்டும். ஒற்றைப் பின் ஸ்விட்ச் தன் எர்த்தைத் திருகுமரை வழியாக என்ஜினிலிருந்து எடுக்கிறது. அதன் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் ஒழுகல் நிற்கும், எர்த்தும் நின்றுபோகும். செம்பு வாஷரை மட்டும் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். இப்போதைய ரேடியேட்டர்களின் தொட்டி பிளாஸ்டிக். பித்தளை ரேடியேட்டர்கூட ரப்பர் புஷ்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ரேடியேட்டரில் மாட்டும் ஸ்விட்ச் இரட்டைப் பின்னாகத்தான் இருக்க வேண்டும். கையால் முழுக்கத் திருகிய பிறகு ஸ்பேனரில் ஏறக்குறைய கால் சுற்று போதும். பிளாஸ்டிக் தொட்டியின் மரை கிழிந்தால் தொட்டியையே மாற்ற வேண்டி வரும்.

வாங்க வேண்டியவை

முதலில் மோட்டாரின் வாட்ஸைப் பாருங்கள், அல்லது ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை அளந்துகொள்ளுங்கள். 100 வாட்ஸ் மோட்டார் 8 ஆம்பியர் அளவில் இழுக்கும். 200 வாட்ஸ் என்றால் 15. கிளம்பும் கணத்தில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாண்டும். 8 ஆம்பியர் மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும். 15 ஆம்பியர் மோட்டாருக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும். ஃபியூஸ் என்பது ஒயரைக் காப்பாற்றுவதற்கானது. ஃபியூஸ் போகிறதே என்று ஒயரை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால் அடுத்ததாக உருகுவது ஒயர்தான்.

ஒயரின் பருமனுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால் கணக்கு எளியது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.0175 ஓம் தடுக்கும். போக வர 4 மீட்டர் நீளமுள்ள 0.75 ஒயரில் 10 ஆம்பியர் போனால் 0.93 வோல்ட் ஒயரிலேயே தொலைகிறது. அதே நீளம் 2.5-ல் 0.28 வோல்ட்தான்.

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயரைப் போடாதீர்கள். அதன் கெட்டியான இழைகள் என்ஜின் அதிர்வில் முறிந்துவிடும். மேலுறையும் அந்தச் சூட்டுக்கு ஆனதல்ல. மெல்லிய பல இழை கொண்ட, 105 டிகிரி தாங்கும் ஆட்டோ ஒயரைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பில் 2 மீட்டர், கறுப்பில் 2 மீட்டர், ரிலேயை இயக்கும் பக்கத்துக்கு 0.75 ஒயர் வேறு நிறத்தில் 5 மீட்டர். 12 வோல்ட், 40 ஆம்பியர், நாலு பின் ரிலே ஒன்றும் அதற்கான ஒயர் வைத்த சாக்கெட்டும். மூடி உள்ள பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் மூன்று, லக்குகள் (ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோக முனைகள்), ஹீட் ஷ்ரிங்க் டியூப், வரிவரியான பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸ் குழாய், 1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) ஒன்று, டிஸ்டில்டு வாட்டர், வண்டிக்குரிய கூலண்ட். ரிலேயில் மட்டும் பேரம் பேசி மலிவானதை எடுக்க வேண்டாம். மலிவு ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும்.

ஒயரிங்

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பழைய டைரக்ட் ஒயர் ஏதாவது இருந்தால் தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை முழுதாக உருவி எடுங்கள். பாதி வெட்டி டேப் சுற்றி விட்ட முனை, என்றாவது ஒருநாள் பிளஸ் கரண்டோடு பாடியில் உரசும்.

ரிலேக்கு இடம்: மட்கார்டின் உள்சுவரில், உயரத்தில், சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி. பின்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் சீசன் நேரத்தில் குற்றாலம் போய் வரும் ஒரே பயணத்தில் சாரல் தண்ணீர் சாக்கெட்டில் தேங்கிவிடும்.

ரிலேயின் அடியில் 30, 87, 86, 85 என்று எண்கள் இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கனத்த சிவப்பு ஒயர் ஃபியூஸ் வழியாக 30-க்கு. அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. 87-லிருந்து கனத்த ஒயர் மோட்டாரின் பிளஸ்ஸுக்கு. மோட்டாரின் மைனஸிலிருந்து கனத்த கறுப்பு ஒயர், பேட்டரி மைனஸ் கேபிள் பாடியில் சேரும் அதே போல்ட்டுக்கு. ரேடியேட்டர் பிராக்கெட்டின் ஏதோ ஒரு திருகில் எர்த்தை முடிக்காதீர்கள். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிய வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவிவிடுங்கள்.

இனி மெல்லிய பக்கம். சாவி ஆனில் மட்டும் கரண்ட் வரும் ஓர் இடத்திலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 86-க்கு. 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச்சின் ஒரு பின்னுக்கு. ஸ்விட்ச்சின் மறு பின்னிலிருந்து எர்த்துக்கு. ரிலேயின் சுருள் 0.2 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். முன்பு பத்து ஆம்பியரைச் சுமந்து கருகிய ஸ்விட்ச்சுக்கு இப்போது இது ஒரு சுமையே இல்லை. டயோடை 86-க்கும் 85-க்கும் இடையில், வெள்ளிக் கோடு 86 பக்கம் வரும்படி மாட்டுங்கள். ரிலே விடும் கணத்தில் சுருளிலிருந்து கிளம்பும் பொறி ஸ்விட்ச்சின் முனையைத் தின்னாது. கோட்டைத் திருப்பி வைத்தால், ஸ்விட்ச் ஆன் ஆன உடனே 3 ஆம்பியர் ஃபியூஸ் போகும். உள்ளேயே டயோடு வைத்த ரிலே என்றால் வெளியே தேவையில்லை. ஆனால் 86-ல்தான் பிளஸ் வர வேண்டும்.

86-ஐ சாவியோடு சேர்க்காமல் நேராக பேட்டரியில் கொடுத்தால், வண்டியை நிறுத்திய பிறகும் சூடு இறங்கும் வரை ஃபேன் ஓடும். கம்பெனியே அப்படிச் செய்த வண்டிகள் உண்டு. என்றாலும் என்ஜின் நின்றபின் பம்ப் சுற்றாது, கூலண்ட் நகராது. ஃபேன் ரேடியேட்டரில் நிற்கும் தண்ணீரை மட்டுமே ஆற்றும். வயதான பேட்டரி உள்ள வண்டிக்கு இது தேவையில்லாத செலவு. சாவி வழியாகக் கொடுத்து, மாஞ்சோலையோ காரையாறோ ஏறி முடித்ததும் என்ஜினை இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது மேல்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன கை ஸ்விட்ச் வையுங்கள். அதன் ஒரு முனை 85-க்கு, மறு முனை எர்த்துக்கு. அதாவது தெர்மோ ஸ்விட்ச்சுக்குப் பக்கத்துணையாக. தெர்மோ ஸ்விட்ச் நடுவழியில் கைவிட்டால் இதைத் தட்டி வீடு வரலாம். 87-லிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸோடு ஒரு 12 வோல்ட் சிறு விளக்கையும் டேஷ்போர்டுக்குக் கொண்டுவாருங்கள். ஃபேனுக்குக் கரண்ட் போகிறதா இல்லையா என்று ஓட்டுபவருக்குக் கண்ணால் தெரிவது, இந்த வேலை முழுவதிலும் மிகப் பயனுள்ள விஷயம்.

ஏசி உள்ள வண்டியில் கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேனும் ஓட வேண்டும். இதற்கு இன்னொரு ரிலே. கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் போகும் பிளஸ் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து இரண்டாம் ரிலேயின் 86-ல் கொடுங்கள். அதன் 85 எர்த். அதன் 30-ஐ முதல் ரிலேயின் 85-ல் சேருங்கள். அதன் 87 எர்த்துக்கு. ஏசி ஆன் ஆனதும் இரண்டாம் ரிலே முதல் ரிலேக்கு எர்த் கொடுக்கும். கரண்ட் தவறான திசையில் திரும்பி கம்ப்ரஸருக்குப் போகும் பயம் இந்த முறையில் இல்லை.

லக் அடிப்பதற்கு கிரிம்பிங் பிளையரைப் பயன்படுத்துங்கள். 6 மில்லிமீட்டர் உரித்து, இழை ஒன்றுகூட வெளியே போகாமல் நுழைத்து, அழுத்தி, பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது நாளை நடுவழியில் வரவேண்டியது. ஈயம் பற்றவைப்பது பலம் என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் ஒயருக்குள் ஏறி அதை விறைப்பாக்குகிறது. விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு தாங்காமல் ஒயர் முறிகிறது. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பே அல்ல. என்ஜின் சூட்டில் பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும். ஸ்விட்ச் என்ஜினில் இருந்தால் என்ஜின் ஆடும் அளவுக்கு ஒயரில் தளர்வு விடுங்கள்.

ஃபேன் சுற்றும் திசை

மோட்டாரின் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் ஃபேன் சுற்றும், சத்தமும் வரும். ஆனால் என்ஜின் பக்கத்துச் சூட்டை முன்னால் தள்ளி எதிர்க்காற்றோடு சண்டை போடும். கிரில்லுக்கு முன்னால் ஒரு தினத்தாளைப் பிடியுங்கள். தாள் ரேடியேட்டரை நோக்கி இழுக்கப்பட்டு ஒட்ட வேண்டும். விலகிப் பறந்தால் ஒயரை மாற்றுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டையும் விட்டுவிடாதீர்கள். ‘வேலைக்கு இடைஞ்சல்’ என்று கழற்றி எறிந்த வண்டியில், ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் ஓரத்திலிருந்து சுலபமாக வரும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

கூலண்ட் நிரப்பி, ஓடவிட்டுப் பார்ப்பது

ஸ்விட்ச்சைக் கழற்றியபோது கூலண்ட் இறங்கியிருக்கும். அதைச் சட்டியில் பிடித்து மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும், அது நஞ்சு. எத்திலீன் கிளைக்கால் கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். ஏற்கெனவே கலந்து விற்கும் கூலண்ட் என்றால் தண்ணீர் சேர்க்காதீர்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் ஒரு வருடத்தில் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பு கட்டிவிடும். அந்தச் சுண்ணாம்பு ஸ்விட்ச்சின் தலையிலும் படிந்து, சூடு உள்ளே ஏறத் தாமதமாகும், ஃபேனும் தாமதமாகும்.

மூடியைத் திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழிகள் வந்து அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். உள்ளே காற்று சிக்கி அது ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் நின்றுவிட்டால், என்ஜின் கொதித்தாலும் ஸ்விட்ச்சைக் கூலண்ட் தொடாது, ஃபேன் வராது. புது ஸ்விட்ச் போட்ட அன்றே வண்டி சூடாவதற்கு இதுதான் முதல் காரணம். குமிழிகள் நின்று, கூலண்ட் மேலெழும்ப ஆரம்பித்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள்.

ஏசி இல்லாமல் காத்திருங்கள். மேல் ஹோஸ் சூடாகும், பிறகு தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸும் சூடாகும், பிறகு ரிலே ‘டக்’ என்று அடித்து விளக்கு எரியும். சில நிமிடத்தில் ஃபேன் தானாக நிற்க வேண்டும். இப்படி இரண்டு முறை வந்து போகும் வரை பாருங்கள். மேல் ஹோஸ் கொதிக்கும்போதும் கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணியாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. ரேடியேட்டரில் இருக்கும் ஸ்விட்ச் அதை அறியவே அறியாது. அதற்காக, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய வேண்டாம், புதிது போடுங்கள். அது இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் போதிய சூடேறாமல் பெட்ரோலைக் குடிக்கும். சில என்ஜின்களில் மூட வேண்டிய குறுக்குவழி மூடாமல், தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றி வரும்.

ஃபேன் ஓடும்போது மறுபடி அந்த இரண்டு வோல்ட் அளவுகளை எடுத்து, 30, 87 ஒயர்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. பிடிக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் பெண் பின் தளர்ந்திருக்கிறது. நசுக்கிச் சமாளிக்காமல் மாற்றுங்கள்.

எது தவறினால் என்ன தெரியும்

ரிலே சத்தம் வருகிறது, ஃபேன் ஓடவில்லை என்றால் கனத்த பக்கத்தில் தேடுங்கள்: பெரிய ஃபியூஸ், 30-க்கு வரும் பிளஸ், மோட்டார் எர்த். சத்தமே இல்லையென்றால் மெல்லிய பக்கம்: 86-ல் 12 வோல்ட் வருகிறதா, 85-க்கு எர்த் கிடைக்கிறதா. என்ஜின் ஆறியிருக்கும்போதே ஃபேன் ஓடுகிறதா? ஸ்விட்ச் பிளக்கைக் கழற்றுங்கள். நின்றால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டது. நிற்காவிட்டால் 85 ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது, அல்லது கை ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் ஓடினால் ரிலேயின் முனை ஒட்டிவிட்டது. ஐந்து பின் ரிலே வாங்கியவர்கள், மோட்டார் ஒயரை 87ஏ என்ற நடுப் பின்னில் மாட்டியிருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பின் தலைகீழாக வேலை செய்யும். கிளம்பும்போதே ஃபியூஸ் போனால் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மோட்டார் புஷ்.

திருச்செந்தூர், உவரி, இடிந்தகரை என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக் காற்றுதான் எதிரி. செம்பு இழையில் பச்சைக் களிம்பு ஏறி, மேலுறைக்குள்ளேயே ஒயர் பொடியாகிவிடும். அங்கே ஈயப் பூச்சுள்ள ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எல்லா இணைப்பையும் பசை வைத்த ஹீட் ஷ்ரிங்கால் மூடுங்கள். தேரிக்காட்டுச் செம்மண் தூசி ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கில் அடையும். ஃபேனைக் கழற்றி, என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, வேகம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று வயல் ஓரத்து வீடுகளில் அறுப்பு முடிந்த பிறகு எலி பானட்டுக்குள் குடியேறும். ஃப்ளெக்ஸ் குழாய் அதை முழுதாகத் தடுக்காது. தினமும் எடுக்காத வண்டியானால் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். ஆடிக் காற்றில் தென்காசியிலிருந்து திருநெல்வேலி நோக்கி வரும்போது காற்று வண்டியின் முதுகில் அடிப்பதால், மெதுவாக ஓட்டினால் ஃபேன் வழக்கத்தைவிட அடிக்கடி வரும். அது கோளாறு இல்லை.

ஒரு வாரம் ஓடியபின் எர்த் போல்ட்டையும் பேட்டரி லக்கையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். டூல் பையில் ஒரு ரிலே, இரண்டு ஃபியூஸ், 30 சென்டிமீட்டர் 2.5 ஒயரின் இரு முனையிலும் ஆண் பின் அடித்து வையுங்கள். பாபநாசம் ஏற்றத்தில் முள் ஏறி, கை ஸ்விட்ச் போட்டும் விளக்கு எரியாவிட்டால், என்ஜினை நிறுத்தி, ரிலேயை உருவி, சாக்கெட்டின் 30-ஐயும் 87-ஐயும் அந்த ஒயரால் இணையுங்கள். ஃபியூஸ் பாதுகாப்போடு ஃபேன் ஓடும். இறங்கி வீட்டில் நிறுத்தியதும் அந்த ஒயரை எடுத்துவிட வேண்டும். சாவியை எடுத்தாலும் அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.